டக்கா, டொக்கா?

என் வீட்டுக்காரருக்குப் படகுத் துறையில் ‘டொக்கு’ என்று பெயர். அதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, அவருடைய கன்னம் இரண்டும் டொக்கு விழுந்தவை. கன்னத்துக்கு ஒரு கோலிகுண்டு வைக்கலாம். இன்னொன்று அவர் தொழில். பழைய ஃபைபர் படகை யாராவது வாங்கப் போனால் இவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். இவர் ஒரு ஸ்க்ரூடிரைவரைத் தலைகீழாகப் பிடித்து, அதன் பிளாஸ்டிக் கைப்பிடியால் படகின் உடம்பைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். கண்ணாடி நாரும் ரெசினும் நன்றாகப் பிடித்திருக்கிற இடம் ‘டக்’ என்று பதில் சொல்லும். உள்ளே விட்டுப்போன இடம், தண்ணீரில் ஊறிய இடம், ‘டொக்’ என்று இழுக்கும். “டக்கா, டொக்கா?” என்பதுதான் அங்கே எல்லாரும் கேட்கிற கேள்வி. படகுக்குத்தான் என்றில்லை, புதிதாக வந்த மேனேஜர் எப்படி என்பதற்கும் அதே கேள்விதான்.

ஒரு படகைப் பார்த்து “வாங்கலாம்” என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. மிகவும் மனமிரங்கினால், “நான் பார்த்த வரைக்கும் ஒண்ணும் தெரியலை” என்பார். அதையும் படகு தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

இந்தச் சந்தேகப் பிராணியோடு இருபது வருஷமாகக் குடித்தனம் செய்கிறேன். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே வாசல் நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடியில் உளுத்திருக்கிறது என்று என் அப்பாவிடம் சொன்னவர் இவர். அப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மூன்று மாதத்தில் நிலை அடியோடு பெயர்ந்து வந்தது. அதற்குப் பிறகு அப்பாவுக்கு இவரை இன்னும் பிடிக்காமல் போயிற்று. நான் பக்கெட் வாங்கினால் தட்டுவார். மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்கப் போனபோது அவள் அறைச் சுவரைத் தட்டினார். அடுத்த அறைப் பெண் என்ன வேண்டும் என்று கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். நான் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாய் என்பார், சிரிக்காவிட்டால் என்ன விஷயம் என்பார். மனுஷியைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தால் எந்த மனுஷிதான் தாங்குவாள்?

தொழில் தெரியாதவர் என்று மட்டும் சொல்ல முடியாது. பத்தொன்பது வயதில் ஒரு படகுப் பட்டறையில் சேர்ந்து பதினேழு வருஷம் நார் பாய் விரித்தவர். வெள்ளைப் பாயை வெட்டி அச்சில் போட்டு, ரெசினை ஊற்றி, உருளையை ஓட்டி, காற்று நிற்காமல் அமுக்கி, அதன் மேல் அடுத்த பாய். அந்த நாரின் துணுக்கு முழங்கை வரைக்கும் ஏறிக்கொள்ளும். ராத்திரி பகல் என்றில்லாமல் சொறிவார். அவருடைய சட்டையை எங்கள் துணியோடு சேர்த்து ஒருநாள் துவைத்துவிட்டு வீடே ஒரு வாரம் சொறிந்தோம். பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் அந்த நெடி ஆகாது என்றார். பத்து வருஷத்துக்கு முன்னால் பட்டறையை விட்டு வந்து, தட்டுகிற வேலையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் படகு பார்ப்பதே ஒரு வேடிக்கை. காலை வெயில் சாய்வாக விழும்போது படகின் ஓரத்தில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். உடம்பு அலை அலையாகத் தெரிந்தால் அங்கே கை வைத்திருக்கிறார்கள். வேர்க்குரு மாதிரிக் கொப்புளம் இருந்தால் ஊசியால் குத்தி, வருகிற தண்ணீரை முகர்ந்து பார்ப்பார். புளித்த காடி வாடை வந்தால் நாருக்குள் தண்ணீர் குடியேறிவிட்டது. இன்ஜின் மாட்டுகிற பின்பலகையில் ஏறி நின்று குதிப்பார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் போதும், அவர் மூக்கில் வியர்த்துவிடும். பூசி மெழுகுகிறவன் எதையோ பூசித்தானே மெழுகுகிறான் என்பார். சில பேர் ஈரம் பார்க்கிற மெஷின் ஒன்றைக் கையில் கொண்டு வருவார்கள். அவர் அதையும் நம்ப மாட்டார். அதற்குப் பாசி பிடிக்காமல் அடிக்கிற அடிப் பெயிண்டில் இருக்கிற செம்புக்கும் உள்ளே இருக்கிற ஈரத்துக்கும் வித்தியாசம் தெரியாதாம்.

இந்த மனிதரிடம்தான் என் தம்பி படகு பார்க்க உதவி கேட்டு வந்தான். அவன் வேன் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனி வேனை நிறுத்திவிட்டது. ஆற்றின் அக்கரையில் இருக்கிற பதினொரு பிள்ளைகளைத் தினமும் இக்கரைப் பள்ளிக்குக் கூட்டி வர ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். தம்பிக்குப் படகு ஓட்ட லைசென்ஸ் உண்டு, படகு இல்லை. பள்ளி திறக்கிற அன்றைக்குப் படகோடு வந்தால் வேலை உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்குக் கைக்குழந்தை வேறு. இந்த வேலையை விட்டால் ஊரைவிட்டுப் போய் லாரி ஓட்டுவதுதான் வழி என்றான்.

நான்கு படகு பார்த்தார்கள். நான்கையும் இவர் தட்டிக் கழித்தார். முதலாவதில் பின்பலகை உள்ளே மக்கிவிட்டது. இரண்டாவது பாறையில் ஏறி நடு முதுகு விட்டிருக்கிறது. மூன்றாவதில் வேர்க்குரு. நான்காவதில் எல்லாம் சரி, ஆனால் தரைப்பலகை ஏன் இத்தனை ஆணி போட்டு இறுக்கியிருக்கிறது, யார் தூக்கிப் பார்க்கக் கூடாது என்று அடித்தார்கள்? ஒவ்வொரு தடவையும் காரணத்தை அரை மணி நேரம் விளக்குவார். தம்பி தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, கடைசியில் சமையலறைக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதே. மாமாவுக்கு நான் நல்லா வர்றது பிடிக்கலையோ?”

நன்றாகத் திட்டி அனுப்பினேன். ஆனால் சொன்ன சொல் முள் மாதிரி. அவன் போய்விட்டான், முள் என்னோடு தங்கிவிட்டது.

ஐந்தாவது படகு ஒரு டெய்லருடையது. ஞாயிற்றுக்கிழமை நான் வேலை செய்கிற சலவைக் கடைக்கு விடுமுறை, அதனால் நானும் கூடப் போனேன். படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றி இரும்புக் கால்களின் மேல் நிறுத்தியிருந்தார்கள். இருபது அடி, வெள்ளை உடம்பு, மேலே தார்ப்பாய்க் கூரை. டெய்லர் அறுபது வயது தாண்டியவர். கழுத்தில் டேப்பைப் போட்டபடியே கடையிலிருந்து நேராக வந்திருந்தார். நாங்கள் கேட்பதற்கு முன்பே அவராகவே குறைகளைச் சொல்ல ஆரம்பித்தார். இந்த மூக்கில் ஒரு கீறல், தூணில் இடித்தது. இந்தக் கூரைக் கம்பி துரு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பழையதாகத்தான் வாங்கினேன், அதற்கு முன்னால் என்ன கதையோ தெரியாது. எனக்கு அவரைப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று.

என் வீட்டுக்காரர் என் காதுப்பக்கம் குனிந்தார். “கேக்காமலே சின்னக் குறையைச் சொல்றவன், பெரிய குறையை ஒளிச்சு வச்சிருப்பான்.”

இரண்டு மணி நேரம் தட்டினார். டக், டக், டக். கீறலைத் தட்டினார், டக். பின்பலகையில் ஏறிக் குதித்தார், அசையவில்லை. கொப்புளம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு டக்குக்கும் தம்பி முகம் மலர்ந்துகொண்டே வந்தது, இவர் முகம் இருண்டுகொண்டே வந்தது. குறை இல்லாத படகு என்றால் அவருக்குக் குறை சொல்ல முடியாத மருமகளைப் பார்த்த மாமியாரைப் போல, எங்கேயோ இடிக்கும்.

பிறகு அடிப்பக்கம் மல்லாந்து படுத்துத் தட்டினார். பின்புறத்திலிருந்து நான்கு சாண் முன்னால், டக், டக், டொக். மறுபடியும் தட்டினார். டொக். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அந்த இடம் அப்படியே இழுத்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவர் “ஆங்!” என்று ஒரு சத்தம் போடுவார், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி. அன்றைக்குப் போடவில்லை. எழுந்து படகுக்குள் ஏறித் தரைப்பலகையைத் தூக்கி, டார்ச்சை அடித்து, குப்புறப் படுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். செருப்புக் கால் இரண்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். “வேண்டாம். வாங்க போகலாம்.”

ஏன் என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றார். டொக்குங்களா என்று டெய்லர் தயங்கித் தயங்கிக் கேட்டார். இவர் அவர் முகத்தைப் பார்க்காமல், பொருந்தி வராது என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அரை மணி நேரம் காரணம் சொல்கிற மனிதர் அரை வார்த்தை சொல்லவில்லை. தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். எலி அம்மணமாக ஓடினால் காரணம் இல்லாமல் இருக்குமா? எனக்கு அந்த முள் நெருட ஆரம்பித்தது. தம்பி போனில் நேராகவே கேட்டான்: அந்தப் படகை மாமா வேறு யாருக்காவது முடித்துக்கொடுக்கிறாரா, அல்லது தானே மடக்கிப் போடப் பார்க்கிறாரா? இந்தத் தடவை நான் அவனைத் திட்டவில்லை. பாம்பு என்று தாண்டவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை.

மறுநாள் காலை அவர் பரண்மேல் கிடந்த கிரைண்டரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். எங்கே என்றேன். ஒரு வேலை இருக்கிறது என்றார். கடைக்குப் போன் செய்து தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, அவர் தெருமுனை திரும்பியதும் பின்னாலேயே போனேன். புருஷன் பின்னால் ஒளிந்து ஒளிந்து போவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் ஐஸ் கம்பெனிச் சந்தில் நுழைந்து, வலை மூட்டைகளைத் தாண்டி, நேராக டெய்லர் படகு நிற்கிற கொட்டகைக்குப் போனார். நான் ஒரு டீசல் பீப்பாய்க்குப் பின்னால் நின்றேன். கிரைண்டர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் இவர் படகுக்கு அடியில் படுத்து அந்த டொக்கு இடத்தை அறுத்துக்கொண்டிருக்கிறார், டெய்லர் பக்கத்தில் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு பேரும் கூட்டு.

எனக்கு வந்த கோபத்தில் பீப்பாயைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன். “தம்பிக்கு வேண்டாம்னு சொல்லிட்டு, நீங்க வாங்கிட்டீங்களா?”

கிரைண்டர் நின்றது. வெளியே வந்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூசி, கண் மட்டும் கறுப்பு.

“வாங்கலை,” என்றார். “இது நான் போட்ட ஒட்டு.”

எனக்குப் புரியவில்லை. டெய்லருக்கும் புரியவில்லை என்று தெரிந்தது. திறந்து பார்க்க வேண்டும், செலவு என்னுடையது என்று மட்டும்தான் காலையில் அவரிடம் சொல்லியிருக்கிறார். இப்போதுதான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னார். பட்டறையில் எல்லாரும் நார் பாய்த் துண்டுகளை இடமிருந்து வலமாக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிப் போடுவார்கள். இவர் இடது கைக்காரர், வலமிருந்து இடமாகப் போடுவார். அந்தப் பட்டறையில் இடது கைக்காரர் இவர் ஒருத்தர்தான். ஞாயிற்றுக்கிழமை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தது தன்னுடைய கையை. படகுக்குப் புது நிறம் அடித்திருந்ததால் அதுவரைக்கும் அடையாளம் தெரியவில்லை.

அவர் பட்டறையை விடுவதற்குச் சில மாதம் முன்னால் அந்தப் படகு பாறையில் உரசி அடி பிளந்து அங்கே வந்திருக்கிறது. அடித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவில் இருக்கிற மரமெல்லாம் தண்ணீர் குடித்திருந்தது. விளக்கு வைத்துப் பன்னிரண்டு நாள் காய விட்டுவிட்டுத்தான் மூட வேண்டும். இவர் ஈரத்தோடு மூடிவிட்டார். இப்போது அறுத்த இடத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காடி வாடை எனக்கே அடித்தது.

முதலாளி அவசரப்படுத்தினாரா என்று கேட்டேன். அவர் ஊரிலேயே இல்லை என்றார்.

“பாப்பாவுக்கு அப்ப உடம்பு சரியில்லாம இருந்துச்சே, அதனாலயா?”

“இல்லை. சனிக்கிழமை மத்தியானம். எனக்கு அலுப்பா இருந்துச்சு. யாரும் பார்க்கலை. மூடிட்டேன்.”

எப்படியாவது ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவர் ஒன்றையும் வாங்கிக்கொள்ளவில்லை. ‘தன்னைப் போலப் பிறரை நினை’ என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இந்த மனிதர் பத்து வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். ஊரில் இருக்கிற ஒவ்வொரு படகையும் தன்னைப் போல ஒருத்தன் ஒட்டியிருப்பான் என்று நினைத்துத் தட்டியிருக்கிறார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருடையது தட்டிக்கொண்டே அலைந்திருக்கிறது. டாக்டர் சொல்லித்தான் பட்டறையை விட்டாரா என்றுகூட எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

இன்னும் எத்தனை படகை இப்படி மூடினீர்கள் என்று கேட்டேன். “எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்,” என்றார். ‘பார்த்த வரைக்கும் ஒண்ணும் தெரியலை’ என்பாரே, அதே குரலில். நம்பினேனா என்றால், பாதி நம்பினேன்.

டெய்லர் கையிலிருந்த வயரைக் கீழே போட்டார். சொட்டுகிற தண்ணீரில் விரலை வைத்து முகர்ந்து பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார்.

“ஒன்பது வருஷம், வாரத்துக்கு ரெண்டு நாள், என் வீட்டம்மாவை இதுலதான் அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். நீச்சல் தெரியாது அவளுக்கு. மழையில நனையக் கூடாதுன்னு கூரை போட்டேன். அடியைப் பார்க்கலை.”

அந்த அம்மா போன மாதம்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்திருக்கிறார். அதனால்தான் படகை விற்கிறார். என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம், பரிதாபம், வெட்கம் எல்லாம் சேர்ந்து வந்தது. தூசியைத் தட்டிவிடலாமா என்று கை எடுத்தேன், பிறகு தட்டாமல் விட்டுவிட்டேன்.

நான்தான் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் வந்தான், சண்டை போடுகிற முகத்தோடு. இவர் எதையும் குறைக்காமல் திரும்ப ஒரு தடவை எல்லாவற்றையும் சொன்னார். தம்பி குனிந்து அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். பதினைந்தாம் நாள் பள்ளி திறக்கிறது. பன்னிரண்டு நாள் காய வேண்டும், ஒரு நாள் ஒட்ட வேண்டும், ஒரு நாள் இறுக வேண்டும். கணக்குச் சரியாக இருந்தது, ஒரு நாள்கூட மிச்சமில்லை.

“இத்தனை நாள் அடுத்தவன் தப்பைச் சொன்னீங்க மாமா, நான் நம்பலை,” என்றான். “இதை நம்பறேன். ஒட்டுங்க.”

டெய்லர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. என் கண் முன்னால் காய வேண்டும், என் கண் முன்னால் மூட வேண்டும், அதற்கு அப்புறம்தான் விற்பேன் என்றார். நேற்றுவரை கேட்காமலே குறை சொன்ன மனிதர் இப்போது சந்தேகத்தில் என் வீட்டுக்காரருக்கு அண்ணன் ஆகிவிட்டார். ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, காஜா தைக்கிற வேலையை மடியில் வைத்துக்கொண்டு, தினமும் கொட்டகையிலேயே உட்கார்ந்தார். இவர் ஓட்டையின் விளிம்பைச் சாய்வாகத் தேய்த்தால் கழுத்து டேப்பை எடுத்து அளந்தார். விளக்கை நகர்த்தினால் ஏன் நகர்த்தினீர்கள் என்று கேட்டார். சாயங்காலம் ஓட்டையின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டுப் போவார்கள். காலையில் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்தத் தாளை இவர் பார்ப்பதற்கு முன்னால் டெய்லர் பார்த்துவிடுவார். என் வீட்டுக்காரர் அத்தனைக்கும் சரிங்க, சரிங்க என்று பதில் சொன்னதை நான் வேலை முடிந்து போகும்போதெல்லாம் பார்த்தேன். வீட்டில் ஒரு நாளாவது எனக்கு அப்படிச் சொல்லியிருக்கிறாரா?

பன்னிரண்டாம் நாள் தாள் காய்ந்திருந்தது. மக்கிய மரத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நார் பாய் போட்டார், முகத்தில் கவசம் மாட்டிக்கொண்டு, இருமிக்கொண்டு. திங்கட்கிழமை சாயங்காலம் தட்டிப் பார்ப்பது, செவ்வாய்க்கிழமை பள்ளி.

திங்கட்கிழமை எல்லாரும் கூடினோம். தம்பி பதினொரு சின்ன உயிர்காப்புச் சட்டைகளைக் கொண்டுவந்து பெஞ்சில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரை மார்க்கரால் எழுதிக்கொண்டிருந்தான். தட்டுங்க மாமா என்றான்.

“என் வேலையை நானே தட்டக் கூடாது,” என்றார் இவர். ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டினார். “இருபது வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கே. உனக்குத் தெரியும்.”

நான் துணி தேய்க்கிறவள். சட்டைக் காலரில் இருக்கிற கறை பழமா மையா என்று சொல்லத் தெரியும், படகு பற்றி என்ன தெரியும்? ஆனால் வேறு யாரும் கை நீட்டவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படகுக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தேன். முதலில் பழைய இடத்தைத் தட்டினேன், டக். பிறகு ஒட்டின் நடுவில், டக். பக்கத்தில், டக். சாண் சாணாகப் போனேன். தம்பி ஒவ்வொன்றுக்கும் “டக்” என்று கூடவே சொல்லிக்கொண்டு வந்தான்.

ஒட்டின் இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஓர் இடம். அங்கே டக் வரவில்லை. டொக் என்றும் சொல்ல முடியாது. டக்கென்று ஆரம்பித்துச் சோம்பலாக முடிந்தது. திரும்பத் தட்டினேன். தம்பி சொல்வதை நிறுத்திவிட்டான். அந்த இடத்துக்குப் பின்னால் குறுக்கு மரம் வருகிறதோ என்னவோ, அதனால் சத்தம் மாறலாம். எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரையும் போல நானும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

“அக்கா, டக்தானே?” என்றான் தம்பி.

எனக்கு டக் என்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. கை வலித்தது, கழுத்து வலித்தது, கண்ணில் தூசி. விடிந்தால் பள்ளி. ஒரு வார்த்தைதான். நான் சொன்னால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், தம்பிக்கு வேலை கிடைத்துவிடும், நான் கேட்ட சத்தம் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனுஷனைப் பதினைந்து நாளாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள் நான். அவர் நின்ற இடத்தில் வந்து நிற்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“டொக்கு,” என்றேன்.

தம்பி மார்க்கரை மூடி வைத்தான். என் வீட்டுக்காரர் கிரைண்டரை எடுத்து வயரைச் செருகினார். டெய்லர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குக் காற்றுக் குமிழி. உருளை சரியாக ஓடாத இடம். அதனால் படகு மூழ்கியிருக்காது என்று பிறகு அவரே சொன்னார். வருஷக்கணக்கில் தண்ணீர் அங்கே வந்து சேர்ந்திருக்கும், அவ்வளவுதான் என்றார்.

திரும்ப ஒட்டி இறுக இரண்டு நாள் ஆயிற்று. பள்ளிக்காரர்கள் தம்பியைக் கூப்பிட்டு நன்றாக ஏசிவிட்டு, வேறு ஆள் கிடைக்காததால் இரண்டு நாள் பொறுத்தார்கள். தம்பி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். படகில் முதல் பயணம் போனதைக்கூட அவன் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான்கு நாள் போன் இல்லை, வீட்டுப் பக்கம் வரவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. கடையில் யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையைத் தீய்த்துவிட்டுத் திட்டு வாங்கினேன்.

ஐந்தாம் நாள் காலை எட்டே முக்காலுக்குப் போன் அடித்தது. தம்பி. பின்னால் தண்ணீர்ச் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டது.

“அக்கா, பதினொண்ணும் இறங்கியாச்சு,” என்றான். வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து தினமும் அதே நேரத்துக்கு அதை மட்டும் சொல்கிறான். என் வீட்டுக்காரர் அந்த நேரத்துக்கு வேறு எந்த வேலையும் ஒப்புக்கொள்வதில்லை. கடையில் என் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, என்ன சொன்னான் என்று கேட்கிறார். நான் சொன்ன பிறகுதான் போகிறார்.